போத்தோங் என்று நான் சொன்னது

படம் எடுக்கிறவர்கள் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண்ணும் ஒரு சீன ஆளும் ஈப்போ பக்கம் லகாட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெண் தமிழ்ப்பெண், கோலாலம்பூர்க்காரி. கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம். நான் வாங்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். மூன்று நாள் அப்படியே கிடந்தது. பிறகு தம்பி எடுத்துத் தின்றான்.

அவர்களுக்கு வேண்டியது தம்பிதான். நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தை விற்ற வருடம் அவன் தோட்ட ஆபீசுக்குள் மூன்று பேரை வைத்துப் பூட்டிக்கொண்டான். கணக்கெழுதுகிற கிராணி, அவருக்குக் கீழே வேலை செய்த ஒரு பெண், துரையின் டிரைவர். காலையிலிருந்து சாயங்காலம்வரை. அவர்களுக்கு ஒரு கீறல் இல்லை. போலீஸ் கதவை உடைத்துப் போனபோது தம்பிக்குத்தான் முழங்காலில் குண்டு பட்டது. பிறகு கோர்ட்டு, ஜெயில், நடுவில் கொஞ்ச காலம் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரி. இப்போது என்னோடு இருக்கிறான். ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவுகிறான்.

போலீஸ் ஏன் கதவை உடைத்தது என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் சொன்ன ஒரு சொல்லால்தான். இத்தனை வருடமும் அதை அவனிடம் சொல்லவில்லை. படம் வந்தால் தெரிந்துவிடும். என் பயம் அது ஒன்றுதான்.

அந்தப் பெண் மரியாதையாகப் பேசினாள். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஹோட்டலில் துணி வெளுக்கிறவள். எனக்கு மரியாதை கொடுக்கிறவர்களுக்கு என்னால் ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கும். அவளிடம் இரண்டு கைப்பேசி இருந்தது. ஒன்றை மேசையில் கவிழ்த்து வைத்தாள். பதிவாகிறதோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீன ஆள் வாயே திறக்கவில்லை. சுவரைப் பார்த்தான், சாமி படத்தைப் பார்த்தான், தம்பியின் காலைப் பார்த்தான்.

"பழைய வீடியோ ஒண்ணு கெடைச்சிருக்குக்கா. வெளிய நின்ன கூட்டத்த யாரோ எடுத்தது. நீங்களும் இருக்கீங்க," என்றாள் அவள்.

சத்தம் கேட்குமா என்று கேட்க நினைத்தேன். கேட்டால், ஏன் என்பாள்.

தம்பி ஒத்துக்கொள்ள மாட்டான் என்று நம்பினேன். யாரையும் நம்பாதவன் அவன். தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவனுக்குத் தூக்கம் போனது. சுவருக்குப் பின்னால் ஆள் நின்று ஒட்டுக்கேட்கிறான் என்பான். தண்ணியில் மருந்து கலக்கிறார்கள் என்பான். நான் போட்ட சோற்றை முதலில் என்னையே தின்னச் சொல்வான். எல்லாம் தப்பு. ஒன்று மட்டும் தப்பில்லை. தோட்டம் கைமாறும்போது ஆட்களுக்குப் புது வீடு கொடுக்கிற பட்டியலில் தன் பேரை எடுத்துவிட்டார்கள் என்றான். அதையும் நாங்கள் பைத்தியக் கணக்கில்தான் சேர்த்தோம். உண்மையிலேயே எடுத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் பேர் இருந்தது. அவன் பேர்மேல் ஒரு கோடு.

ஆனால் படத்துக்குச் சரி என்றுவிட்டான்.

"நடந்தத நானே சொல்லிடுறேன்க்கா. இல்லாட்டி அவங்களா ஒண்ணு சொல்வாங்க."

கடைக்கும் போய் அவனைப் படம் பிடித்தார்கள். கடை முதலாளி தமிழ் முஸ்லிம், பழைய கதை தெரிந்தவர். எல்லார் முன்னாலும் கேலி செய்தாராம். "ஹீரோவா வில்லனா, சொல்லு. ஹீரோன்னா நாளைக்கு லீவு எடுத்துக்க. வில்லன்னா பின்னால மங்கு நெறைய கெடக்குலா." தம்பி, வில்லன்தான் என்று சொல்லிவிட்டுக் கழுவப் போனானாம். அவனே வந்து சொல்லிச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். எனக்குப் பேச வராது என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு நடந்தது இதுதான். தோட்டத்தில் ஒருவனை வேலையைவிட்டு நீக்கினால் பேர் வெட்டிட்டாங்க என்போம். பட்டியலில் கோடு போட்டாலும் பேர் வெட்டுதான். மரத்தில் பால் எடுப்பதும் வெட்டுதான். தம்பி காலையில் வெட்டுக்குப் போனவன், பாதியில் விட்டுவிட்டு, பால் வெட்டும் கத்தியோடு நேராக ஆபீசுக்குப் போனான். தினமும் ஆள் கூப்பிடுகிற பேர்ப்புத்தகத்தைப் பிடுங்கினான். ஜன்னலில் நின்று கத்தினான். "என் பேர வெட்டுனீங்கள்ல? இப்ப ஒவ்வொருத்தன் பேரா வெட்டுறேன் பாரு."

பேனாவால்தான் வெட்டினான். கிராணி பேர், துரை பேர், எங்கள் பேர், எல்லாவற்றையும் கோடு கிழித்தான். அந்தப் புத்தகத்தைக் கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை.

வந்த போலீஸ் அதிகாரி மலாய்க்காரர். சாயங்காலமாகும்போது சொந்தக்காரர் யார் என்று கேட்டு என்னை முன்னால் இழுத்து நிறுத்தினார்கள். அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டார். என் மலாய் சந்தை மலாய். "டியா மாவ் போத்தோங்," என்றேன். அவன் வெட்டப்போகிறான் என்று அர்த்தம். நாமா என்று இன்னொரு சொல் சேர்த்திருந்தால், பேரை வெட்டப்போகிறான் என்று ஆகியிருக்கும். சேர்க்கவில்லை. அதிகாரி அவன் கையில் இருந்த கத்தியைப் பார்த்தார். பின்னால் திரும்பி ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் கதவு உடைந்தது.

ஜெயிலில் பார்க்கப் போனபோது தம்பி கேட்டான், நீ அங்கே என்ன செய்தாய் என்று. சுடாதீங்க என்று கெஞ்சினேன் என்றேன். நம்பினான். என் விஷயத்தில் மட்டும் எப்படியோ நம்பிக்கை வந்துவிட்டது அவனுக்கு.

படம் தயாரானதும் அந்தப் பெண் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வெளியில் காட்டுமுன் நீங்கள் பார்க்கவேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தேத்தண்ணி கலக்கி வைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன்.

தோட்டம் இருந்த இடம் வந்தது. இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கிற செம்பனை. பிறகு கிராணி வந்தார். வயதாகி, தெலுக் இந்தானில் மகன் வீட்டில் இருக்கிறார். எங்களை வெட்டிடுவேன் என்று மிரட்டினான் என்றார். பேர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. தம்பி பேர்மேல் கோடு போட்ட கை அவருடையது. அவர் எப்படி எடுப்பார்.

அப்புறம் கூட்டம் வந்தது. அதிகாரி பக்கத்தில் நான். என் வாய் அசைகிறது. சத்தம் இல்லை. அதற்குப் பதில் ஏதோ குழல் வாசிக்கிறார்கள். எனக்கு மூச்சு வந்தது. அதே நேரம் கீழே எழுத்து வந்தது. உள்ளே இருந்தவர்களை வெட்டிக் கொல்லப்போவதாக அவர் மிரட்டினார் என்று.

தம்பி எழுத்துக்கூட்டிப் படித்தான். "நான் அப்படிச் சொல்லல," என்றான்.

போலீஸ் ரிப்போர்ட்டில் அப்படித்தான் இருக்கிறது, கிராணியும் அதையே சொல்கிறார் என்றாள் பெண். அவன் அவளைப் பார்க்கவில்லை. படத்தைப் பின்னால் தள்ளச் சொன்னான். நான் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னான். என் வாய்மேல் விரலை வைத்தான்.

"அக்கா, இங்க நீ என்னா சொல்லிக்கிட்டு இருக்க?"

சுடாதீங்க என்று சொல்லியிருக்கலாம். பொய் என்று காட்ட ஆள் இல்லை. நான் தப்பித்துவிடுவேன். அவன் பெயரில் அந்த எழுத்து அப்படியே நிற்கும், ஊரே படிக்கும்.

"பேர வெட்டுறேன்னுதான் நீ கத்துன. நான் வெட்டுறான்னு மட்டும் சொன்னேன். பேர விட்டுட்டேன்."

தம்பி தேத்தண்ணியைக் குடித்து முடித்தான்.

"அந்தப் போலீஸ்காரன் கேட்டானா, நீயா போயி சொன்னியா?"

"கேட்டான்."

"வேணும்னு விட்டியா?"

"இல்ல. பயம்."

அவன் தலையை ஆட்டவில்லை. அன்றைக்கு எங்கள் பேர் பட்டியலில் இருந்ததை நினைக்கிறானோ என்று தோன்றியது. அந்தப் பட்டியலில் கிடைத்த வீட்டில்தான் நாங்கள் பல வருடம் இருந்தோம்.

கேமரா ஓடவில்லை, அக்காவுக்கு வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்று பெண் மெதுவாகச் சொன்னாள். நான் பதில் சொல்லுமுன் தம்பி சொன்னான்.

"எடுங்க. அவங்கள முழுசா சொல்லச் சொல்லுங்க."

அவங்கள. என்னைத்தான்.

சீன ஆள் கேமராவை ஓடவிட்டான். சொன்னேன். வெளியே லாரி போனது, சத்தம் விழுந்துவிட்டது என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். தம்பி எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

எழுத்தை மாற்றிவிட்டதாகப் பெண் பிறகு போன் செய்தாள். மாற்றினாளா என்று படம் வெளியில் வரும்போதுதான் தெரியும்.

தம்பிக்கு மாதம் ஒரு ஊசி போடவேண்டும். அரசாங்க கிளினிக்குக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். டாக்டர் மலாயில் கேட்பார், நான் தமிழில் சொல்வேன், அவன் பதிலை மலாயில் திருப்பிச் சொல்வேன். ஜெயிலில் கற்ற அவன் மலாய் என்னுடையதைவிட நல்ல மலாய். இருந்தாலும் இத்தனை வருடமும் என்னைத்தான் பேசவிட்டான்.

போன மாதமும் போனோம். தூக்கம் எப்படி என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். தம்பி கையைக் காட்டினான்.

"நீ வெளிய உக்காரு."

வெளியே வந்து உட்கார்ந்தேன். உள்ளே அவன் நீளமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குக் கேட்கவில்லை.