செங்கல்தூளும் சீமாட்டியின் முகமும்

போன சனிக்கிழமை லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டில் குத்துவிளக்குத் துலக்கும் நாள். மகள் ஒரு போத்தல் பொலிஷ் வாங்கி வந்து, "அப்பா, ஜஸ்ட் துடைச்சாப் போதும்" என்றாள். மனைவி விடவில்லை. "உந்தப் போத்தலை அங்காலை வை. நான் பழப்புளி ஊறப்போட்டிட்டன்." விளக்கு என் கைக்கு வந்தது. புளி மணம் மூக்கில் ஏறியது. சொன்னால் நம்பமாட்டீர்கள், இதே புளியால் ஒரு பெண்ணின் முகத்தை அழித்தவன் நான்.

பதறாதீர்கள். அவள் இறந்து ஐந்நூறு வருடத்துக்கு மேல்.

லண்டனுக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு பழைய தேவாலயத்தை வெள்ளிக்கிழமைகளில் கூட்டித் துடைப்பது. இப்போது பஸ் ஓடும் அந்த இடம் ஒரு காலத்தில் வயலும் மாடுமாகக் கிடந்த கிராமமாம். ஒரே கை கட்டிய கட்டடம் இல்லை அது. வாசல் வளைவு அரைவட்டம். அதற்குப் பிந்திய காலத்து உள்வளைவெல்லாம் கூர். வடக்குப் பக்கத்தைக் காசு வந்த காலத்தில் அகலமாக்கினார்கள், தெற்குப் பக்கம் வருவதற்குள் காசு முடிந்துவிட்டது. இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் ஆர்தர். எங்கள் ஊர்க் கத்தோலிக்கர் சங்கிலித்தாம் என்பார்களே, பூட்டும் திறப்பும் மணியும் மெழுகுதிரியும் பார்க்கிறவர், அந்த வேலை அவருக்கு. நான் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கூட்டுவதைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த வெள்ளி எனக்கொரு கம்பளிக் காலுறை கொண்டுவந்து தந்தார். மனுசன் அப்படி.

பீடத்துக்கு முன்னால் கம்பளத்தின் கீழே ஒரு கல்லறைக் கல். அதில் பதித்த பித்தளைத் தகட்டில் ஒரு சீமாட்டி, கைகூப்பியபடி. கண், மூக்கு, வாய் எல்லாம் மயிரிழைக் கீறல்கள். தகடு கறுத்துக் கிடந்தது. சாமிக்கு முன்னால் பித்தளை இப்படிக் கிடக்கலாமா? என் யாழ்ப்பாணத்து மூளை வேறெப்படி வேலை செய்யும்! பழப்புளியும் செங்கல்தூளும் கொண்டுபோய், ஆர்தர் தேத்தண்ணி குடிக்கப் போகும் நேரம் பார்த்து, வெள்ளிக்கு வெள்ளி தேய்த்தேன். குளிர்காலம் முழுக்கத் தேய்த்தேன். ஒருநாள் அவருக்குக் காட்டி அசத்தவேண்டும் என்று ஆசை. தகடு மினுங்க மினுங்க முகம் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை, மடையன்.

ஈஸ்டருக்கு முன் யாரோ ஆராய்ச்சிக்காரர் பார்க்க வந்தார். கம்பளத்தை விலக்கினார்கள். பாதிரியார் குந்தியிருந்து தடவிப் பார்த்தார். முகம் இருந்த இடம் வழுவழுவென்றிருந்தது. திறப்பு ஆர்தரிடம், பொறுப்பும் அவருடையது. என்னையும் கேட்டார்கள். "நான் கூட்டிறது மட்டும்தான்" என்றேன், வராத ஆங்கிலத்தில். ஆர்தர் என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு கம்பளத்தை இழுத்து மூடினார்.

என்னோடு அறையில் இருந்த அண்ணை மெச்சினார். "நல்ல வேலை செய்தாய். அகதிக் கேஸ் முடியாதவன் வாயைத் திறக்க ஏலுமே?" எனக்கும் அது சரியென்றே பட்டது.

ஆர்தரைப் போகச் சொல்லிவிட்டார்கள். கடைசி வெள்ளி, திறப்புக் கோர்வையை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மெழுகுதிரித் தண்டுகளுக்குச் செங்கல்தூள் போட்டுவிடாதே," என்றார். "அதுக்கு மேல்பூச்சு மட்டும்தான் வெள்ளி."

எல்லாம் தெரிந்திருக்கிறது மனுசனுக்கு! தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அவர் ஏசியிருந்தால்கூட எனக்கு இத்தனை வெட்கமாக இருந்திராது. விசா வந்ததும் உண்மையைச் சொல்வேன் என்றிருந்தேன். பிறகு, நல்ல வேலை கிடைத்ததும். பிறகு, வீடு வாங்கியதும். அதற்குள் அவர் செத்துப்போனார்.

விளக்குத் துலக்கிய மறுநாள் ஞாயிறு, மனம் கேளாமல் அந்தக் கோயிலுக்குப் போனேன். தகட்டுக்கு மேல் இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார்கள். வந்தவர்களுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம், ஆர்தர் என்று ஒருவர் இங்கே இருந்தாரே என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடியையே நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, முகம் எப்படிப் போனது என்று அவளாகவே சொன்னாள். எத்தனையோ நூற்றாண்டுகளாகக் கும்பிட வந்தவர்கள் மிதித்து மிதித்துத் தேய்ந்துபோனதாம்.

நான் தலையாட்டினேன்.