கிழக்கே ஒரு கதவு, மேற்கே ஒரு கதவு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதனால்தான் உறவினர், நண்பர் அனைவருக்கும் இதை எழுதித் தருகிறேன்.

அண்ணன் பிறந்தது வையம்பட்டியில். மழை பொய்த்து நிலம் கைவிட்டதும் உறையூருக்கு வந்து, ஒரு சுருட்டுக் கம்பெனியில் புகையிலைக் கிடங்கின் பொறுப்பை ஏற்றார். கணவரை இழந்து நான் வந்தபோது, அங்கேயே இலை நரம்பு உரிக்கும் வேலை வாங்கித் தந்தார். அவர் பிள்ளைகளும் என் மகளும் ஒரே பாயில் உறங்கி வளர்ந்தார்கள்.

கிடங்குக்குக் கிழக்கே மட்டும்தான் கதவு. வந்த சிப்பங்களைக் கதவருகே அடுக்குவார்கள். இலை கேட்டால் அவற்றையே எடுத்துத் தருவார்கள். பின்சுவரை ஒட்டிய பழைய சிப்பங்கள் வெளிச்சம் காணாமல் கிடந்தன. ஓர் ஐப்பசி மழையில் அவையெல்லாம் வெள்ளையாகப் பூசணம் பூத்துவிட்டன.

“அடுத்த மழைக்கும் இப்படி ஆச்சுன்னா, சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்புங்க” என்றார் முதலாளி.

அதன்பின் அண்ணன் சாப்பிடும்போதே கை சோற்றில் நின்றுவிடும்.

வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கம் போனோம். காவிரி தெரியாதபடி பனி. கால் தரையில் பட்டதா என்றே தெரியவில்லை; கூட்டம் எங்களை உள்ளே ஏந்திச் சென்று, பரமபத வாசல் வழியாக வெளியே விட்டது. அண்ணன் நகராமல், வருகிற முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சேவிச்சாச்சு, வாங்கண்ணே.”

“முன்னாடி போனவங்கதான் முன்னாடி வராங்க, பார்த்தியாம்மா?”

மறுநாளே, பரமபத வாசலில் பார்த்ததைச் சொல்லி, மேற்கே ஒரு கதவு வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டார்.

“என்னய்யா, புகையிலைக்கும் மோட்சம் வேணுமா?”

இலை உரித்துக்கொண்டிருந்த நாங்கள் சிரித்துவிட்டோம். அண்ணன் சிரிக்கவில்லை.

“ஆமாங்க. உள்ளேயே கிடந்தா அதுக்கு நரகம்தாங்க.”

கதவு வந்தது. ஒவ்வொரு சிப்பத்திலும் அது வந்த மாதத்தை எழுதி ஓலை நறுக்கு கட்டினார். எல்லாம் பலகைமேல், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி, நடுவில் ஆள் நடக்க வழி. மேற்கே பழையது வெளியேற, வரிசை நகரும். கிழக்கே புதியது சேரும்.

“சும்மா கிடக்குற சரக்கை ஏன் தெனம் தள்ளச் சொல்றீங்க?” என்று சுமைக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

மறு ஐப்பசியில் மழை விடவே இல்லை. விட்டதும் அண்ணன் ஒவ்வொரு சிப்பத்துக்குள்ளும் கையை நுழைத்துப் பார்த்தார். நான் உரித்த இலையைக் கீழே வைத்துவிட்டு அவர் பின்னாலேயே போனேன். கடைசியில் ஓர் இலையை என்னிடம் நீட்டினார்.

“மோந்து பாரு.”

வெயிலின் வாசம் வந்தது.

சாவி கடைசிவரை அவரிடமே இருந்தது. காய்ச்சலில் கண் மூடியபடி, “வரிசை நகருதா?” என்பார். “நகருதுண்ணே” என்பேன்.

அவருக்கு வைத்தியம் பார்த்தவருக்கும், கஞ்சி வைத்துத் தந்த அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் நன்றி. வழக்கப்படி பெண்கள் நாங்கள் தெருமுனையில் நின்றுவிட்டோம். அங்கேதான் கிடங்கின் கிழக்குக் கதவு. அண்ணனைச் சுமந்தவர்கள் முனை திரும்பி, கிடங்குக்கு மேற்கே உள்ள பின்தெருப் பக்கம் மறைந்தார்கள். கிடங்கின் இரண்டு கதவுகளையும் அந்தச் சுமைக்காரர்கள் விரியத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே பார்த்தேன். சிப்பங்களின் நடுவழியே, மேற்கு வாசலின் வெளிச்சத்தில், அண்ணன் இன்னொரு முறை போனார்.

திறந்து வைத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.