தோற்காத கார்

இன்று காலை போர்ட் பிளேர் ஜங்லிகாட் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கூட்டரை விட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

பக்கத்தில் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். காண்ட்ராக்டர் ஒருவர் எழுபதுகளில் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. அவருடைய பேரன் அதைக் கண்காட்சிக்காகத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு போர்டு: "சோழவரம் பந்தயத்தில் முதலிடம். போர்ட் பிளேரில் தோல்வியே கண்டதில்லை."

மீன்பிடித் தொழிலில் இருந்த அந்தோணி அண்ணன் அதைப் படித்துவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு நெருங்கினார்.

"இங்க நடந்த ரேஸ்ல நானும் இருந்தேன் தம்பி."

"அச்சா! உங்க காரு எது அங்கிள்?"

"சைக்கிள். டெய்ரி ஃபார்ம் இறக்கத்துல ஒங்க தாத்தா பின்னால வந்து இடிச்சாரு. நிறுத்தவே இல்ல. இந்தக் கால் அன்னைக்குப் போனதுதான். அதையும் போர்டுல ஒரு வரி எழுதுப்பா."

பேரன் சற்று யோசித்தார். "அரே அங்கிள், தோத்தவங்க பேரெல்லாம் போர்டுல போட மாட்டாங்க."

ஒர்க்‌ஷாப்பே சிரித்தது.

பிறகு பேரன் அண்ணனைக் காரோடு நிறுத்திப் படம் எடுத்தார். படத்தில் தெரியக் கூடாதென்று தடியை வாங்கி என்னிடம் நீட்டினார். நானும் வாங்கிக்கொண்டேன்.

அந்தப் படம் மதியமே உங்களில் பலருக்கு வந்திருக்கும். அண்ணன் காரை ஆசையாகக் கட்டிக்கொண்டு நிற்பதாகத்தான் தெரிகிறது. லைக் போட்டவர்கள் சொல்லுங்கள், தடி இல்லாமல் அவர் வேறு எதைப் பிடித்துக்கொள்வார்?