ஆடி மாதத்து லேகியம்

கூட்டாஞ்சோறு, சொதி, உளுந்தங்களி என்று சிறுவயதில் சாப்பிட்டதையெல்லாம் பெங்களூர் அடுப்பில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டேன். முருங்கைக்கீரை கிடைக்காத வாரங்களில் பாலக்கைப் போட்டுக்கூடக் கூட்டாஞ்சோற்றைத் தேற்றியிருக்கிறேன். தேறாமல் நின்றது ஒன்றுதான்: நான் நாலாம் வகுப்பு படித்தபோது அம்மா கிண்டிய தீபாவளி லேகியம். அதை அவள் கிண்டியது ஆடி மாதத்தில்.

மாதத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வீட்டில் நாள்காட்டித் தாள் கிழிப்பது என் வேலை. ஆடித்தபசுத் திருவிழாவுக்காகச் சங்கரன்கோவிலில் கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. அதற்கு முந்தின வாரம்தான், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருந்த சித்தியை அம்மா கூட்டிவந்தாள். அம்மாவின் ஒரே தங்கை, கல்யாணம் ஆகவில்லை. மஞ்சள்காமாலை என்றார்கள். உள்ளறைக் கதவு சாத்தியே இருந்தது. ஒட்டிக்கொள்ளும் என்று என்னை உள்ளே விடவில்லை.

சுக்கும் மிளகும் திப்பிலியும் கருப்பட்டிப் பாகில் சுருண்டு, நல்லெண்ணெய் பிரிந்து வரும் நேரத்தில் எதிர்வீட்டு அத்தை வந்து நின்றாள். நாலு பிள்ளை பெற்றவள்.

“என்ன மதினி, ஆடியிலேயே தீவாளி வந்துட்டோ?”

“இவளுக்குத்தான் மதினி. வயிறு மந்தமாக் கெடக்குன்னு ஒரே அழுகை.” அம்மா என்னைக் காட்டினாள்.

“எனக்கு ஒண்ணுமில்லம்மா. தீவாளிக்கு இன்னும் மூணு மாசம் கெடக்கு” என்றேன்.

“ஏட்டி, சும்மா கெட!” ஓர் உருண்டையை என் வாயில் திணித்தாள். இன்னொன்றை அத்தையிடம் நீட்டினாள்.

அத்தை நின்றபடியே மென்றாள். பாதியில் அவள் வாய் நின்றது. கண் உள்ளறைக் கதவுவரை போய்த் திரும்பியது.

“பிள்ளைக்கு நல்லாக் கேக்கும், குடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அம்மா அடுப்பை அணைக்கக்கூட மறந்து நின்றாள். இரண்டாவது உருண்டை கேட்க அதுவே நல்ல சமயம் என்று எனக்குப் பட்டது.

அத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஆவணி பிறந்ததும் ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்தாள். பனவடலிசத்திரத்தில் நிலம் உள்ளவர். மனைவி இறந்து, வளர்ந்த பையன்கள் இருவர். வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் நாங்கள் இல்லை என்பது அத்தைக்கும் அப்பாவுக்கும் தெரிந்திருந்தது. சித்தியை யாரும் கேட்கவில்லை. மாதக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் முடிந்தது. அந்த வருடத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் லேகியம் கிண்டவில்லை.

பலமுறை தோற்ற பிறகுதான் நாக்கில் நின்ற அந்த அடிருசி பூண்டு என்று எனக்குப் பிடிபட்டது. போன மாதம் ஊருக்குப் போனபோது ஒரு டப்பா நிறைய லேகியம் கிண்டிக் கொண்டுபோய் அம்மாவிடம் பெருமையாக நீட்டினேன். விரல்நுனியில் எடுத்து நாக்கில் வைத்தாள்.

“பூண்டு போட்டியா?”

“பால்ல வேகவச்சு அரைச்சேன். நீயும் அப்படித்தான போட்ட?”

“தீவாளி மருந்துக்கு எவளாவது பூண்டு போடுவாளாட்டி? பிள்ளை பெத்தவளுக்குத்தான் போடுவா. வாசம் வெளிய தெரியக்கூடாதுன்னுதான் பால்ல போட்டேன். அந்த மூதி ஒரே வாயில கண்டுபிடிச்சுட்டா.”

“பிள்ளை எங்கம்மா?”

“டப்பாவ மூடு. நாளைக்கு உங்க சித்தி வாரா. அவ கண்ணுல இது படக்கூடாது.”

கல்யாணத்துக்குப் பிறகு சித்திக்குப் பிள்ளையே பிறக்கவில்லை.

அன்று இரவு படுத்திருக்கையில்தான் பூவின் நினைவு வந்தது. அந்த ஆடியில் அப்பா தினமும் மார்க்கெட்டிலிருந்து மல்லிகை வாங்கி வருவார். அம்மா அதைத் தொடுக்காமல், உதிரியாகவே துணியில் பரப்பி உள்ளறைக்குக் கொண்டுபோவாள். தாய்ப்பால் வற்றுவதற்கு மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டுவார்கள் என்பதைப் பல வருடம் கழித்து ஏதோ ஒரு புத்தகத்தில் படித்தேன். படித்தபோதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சீக்காளிக்கு இவ்வளவு பூ, எனக்கு ஒரு முழம் கிடையாதா என்று, லேகியம் கிண்டியதற்கு முந்தின நாள் உள்ளறை வாசலில் உட்கார்ந்து அழுதேன். கதவு கொஞ்சம் திறந்தது. சித்தியின் கை ஒரு பிடி பூவை நீட்டியது. வாடி, ஈரமாக, வெதுவெதுவென்று இருந்தது. காய்ச்சல் சூடு என்று நினைத்தேன். நானே நாரில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, எதிர்வீட்டு அத்தையிடம் காட்டத் தெருவைத் தாண்டி ஓடினேன்.