திரைக்குப் பின்னால் தின்ற ரொட்டி

நான் சாப்பிட்டேன்.

மூடி மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி ராணியின் தொண்டையில் ஆபரேஷன் நடப்பதற்கு முந்தைய ஏழு நாளும் எங்கள் குடும்பமே உபவாசம் இருந்தது. விடிந்ததிலிருந்து மாலை ஆறு மணி வரை தண்ணீர் மட்டும். அந்த ஏழு நாளும் நான் மட்டும் பதுளை டவுனில் ஒளிந்திருந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்!

நீங்கள் நம்புகிறீர்கள்தானே? இதுவரை யாரும் நம்பவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவன். எழுத்து எனக்குப் பாட்டுப் புத்தகத்தில்தான் வந்தது. பாட்டெல்லாம் ஏற்கெனவே மனப்பாடம். எந்தச் சத்தத்துக்கு எந்த எழுத்து என்று விரலை வைத்துத் தேடித் தேடிக் கண்டுபிடித்தேன். அப்போதே எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அதனால் இதில் கொஞ்சம் ராகம் இருக்கலாம், ஒழுங்கு இருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டம் ஹாலிஎலைக்கு மேலே. நான் செடிகளை மட்டம் தட்டிக் கவ்வாத்து வெட்டினேன், ராணி கொழுந்து பறித்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நாங்கள் சர்ச்சில் பாட்டுக்காரர்கள். ராணிதான் முன்பாட்டு. மகள் எஸ்தர் கூடப் பாடுவாள். மகன் டானியல் கீபோர்ட். எனக்கு டோலக். தாளம் தப்பினால் பாட்டை நிறுத்தாமலே ராணி கண்ணால் ஒரு அடி அடிப்பாள். அந்த அடி சபையில் யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் வலிக்கும்.

எங்கே கூப்பிட்டாலும் போவோம். ஒரு தடவை மடுல்சீமைக்குப் போகும்போது பஸ் சேற்றில் புதைந்துவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். சும்மா தள்ளுவானேன் என்று ராணி பாட ஆரம்பித்துவிட்டாள். தாளத்துக்குத் தள்ளினால் பஸ் ஏறிவிட்டது! டிரைவர் ஒரு சிங்கள மனுசன். திரும்பி வரும்போது எங்களிடம் டிக்கெட் காசு வாங்க வேண்டாம் என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டார்.

கஷ்டம் இல்லாமலா? அரிசியும் மண்ணெண்ணெயும் இல்லாத அந்த நாட்களில் கியூவில் நின்று நின்று கால் வீங்கியது. மாவு கிடைத்தால் ரொட்டி, இல்லாவிட்டால் மரவள்ளி. அப்போதும் சாயங்காலம் ஆனால் ராணி பாடுவாள். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறை வீடுகள், காம்பராக்கள். பக்கத்துக் காம்பராவிலிருந்து, "அக்கா, இன்னொன்னு பாடுங்க, பசி தெரியல" என்று சுவரைத் தாண்டிக் குரல் வரும். லயத்துச் சுவர் மெல்லியது... எங்களுக்கு மைக் செலவு மிச்சம்.

அப்பேர்ப்பட்ட குரலுக்குக் கீழேதான் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நெல்லிக்காய் அளவில் இருந்தது எலுமிச்சை அளவாயிற்று. பதுளை பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஐயா தெளிவாகச் சொன்னார்: கட்டியை எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. எடுக்கும்போது பக்கத்தில் ஓடும் மெல்லிய நரம்பில் கத்தி பட்டுவிட்டால் குரல் போகலாம்.

ராணி என்ன கேட்டாள் தெரியுமா? "முழுசாப் போயிருமாங்க ஐயா, கொஞ்சமாப் போகுமா?"

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னால் அவளை வார்டில் சேர்த்தார்கள். அன்றைக்கே எஸ்தர் சொன்னாள், ஏழு நாள் உபவாசம் என்று. எஸ்தர் சொன்னால் சொன்னதுதான். அப்படியே அவள் அம்மா.

"அப்பா, ஒங்களுக்கு முடியுமா? வயசாச்சே" என்றான் டானியல்.

"ஒங்கம்மாவுக்காக நான் ஏழு மாசம் இருப்பேன்டா!" என்றேன். வாய் பெரிய வாய்!

முதல் நாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வார்டுக்குள் விட்டார்கள். ராணிக்குச் சாப்பாடு வந்திருந்தது. அவளும் சாப்பிடாமல் இருக்கப் பார்த்தாள், நர்ஸ் திட்டினாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "எனக்காக நீங்க இருக்கீங்கள்ல, நான் சாப்புடுறேன்" என்று சொல்லி எடுத்துச் சாப்பிட்டாள். நான்தான் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பருப்பும் சோறும்... அந்த வாசம்!

வெளியே வந்தேன். தலை சுற்றியது. பால் விடாத தேநீர், ஒரு சாயத்தண்ணி மட்டும் குடிக்கலாம், அது தண்ணீர்தானே என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். கடைவீதியில் ஒரு முஸ்லிம் நானாவின் சாப்பாட்டுக் கடை. அது நோன்பு மாதம். நோன்பு நாளில் முஸ்லிம் கடைகளில் மேசைகளுக்கு முன்னால் ஒரு துணித் திரை தொங்கும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். நோன்பு இல்லாதவர்கள் உள்ளே உட்கார்ந்து சாப்பிடலாம். நோன்பு பிடித்துத் தெருவில் போகிறவர்களின் கண்ணில் படாது. எவ்வளவு மரியாதையான ஏற்பாடு! அந்த மரியாதைக்குப் பின்னால் நான் போய் உட்கார்ந்தேன்.

சாயத்தண்ணி வந்தது. கூடவே இறைச்சி ரொட்டித் தட்டும் மேசைக்கு வந்தது. வேண்டுமானதை எடுக்கலாம், வேண்டாவிட்டால் விடலாம். நான் மூன்று எடுத்தேன்.

ருசியாக இருந்தது என்று சொன்னால் அடிப்பீர்களா? ருசியாகத்தான் இருந்தது! அதுதான் என்னை இன்றைக்கும் கொல்கிறது. தொண்டையில் சிக்கி விக்கியிருந்தாலாவது ஒரு ஆறுதல்...

இரண்டாம் நாள், மூன்றாம் நாள், நான்காம் நாள். காலையில் எஸ்தரோடு முழங்காலில் நின்று அழுது ஜெபிப்பேன். அந்த அழுகை பொய் இல்லை! மத்தியானம் திரைக்குப் பின்னால் போவேன். அந்தப் பசியும் பொய் இல்லை. ஒரே மனுசனுக்குள் இந்த இரண்டும் எப்படிக் குடியிருந்தன? லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற மாதிரிதான்.

ஐந்தாம் நாள் திரையில் கை வைத்தேன். கல்லாவிலிருந்து நானா கூப்பிட்டார்.

"அண்ணே, காலையில ஒங்களோட ஆஸ்பத்திரிக்கு நடந்து போறாளே, ஒங்க மகள், அவ நேத்து தண்ணிப் போத்தல் வாங்க வந்தா. அம்மாவுக்காக அப்பாவும் நாங்களும் நோன்பு இருக்கிறோம்னு சொன்னா."

என் கை திரையிலேயே நின்றுவிட்டது. அவர் என்னை முறைக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத உதடு.

"நானும் ஒங்க வீட்டம்மாவுக்காக அல்லாஹ்கிட்ட துஆ கேக்கிறேன் அண்ணே" என்றார். பிறகு குரலைத் தணித்து, "உள்ள போறீங்களா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் திரும்பி நடந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் உள்ளே போனேன்! அவரே கொண்டுவந்து வைத்தார், சூடாக. "மெதுவாச் சாப்புடுங்க" என்றார். நோன்பாளி பரிமாற, உபவாசக்காரன் சாப்பிட்டான். பதுளை டவுனில் இப்படி ஒரு பந்தி நடந்திருக்குமா?

அடுத்த இரண்டு நாளும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதனால் வேறு கடைக்குப் போனேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியில் விஷம் இல்லை என்றார்கள். உயிர் வந்தது, பேச்சும் வந்தது. ஒரு மாதம் கழித்து ராணி முதல் தடவையாகப் பாட வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு ஆம்பிளைக் குரல் வந்தது!

 ராணிதான் முதலில் சிரித்தாள்.

"டேய் டானியல், ஒனக்கு ஒரு அண்ணன் வந்துட்டான்டா!"

"வாங்கண்ணே" என்றான் அவன். வயிறு வலிக்கச் சிரித்தோம். எஸ்தர் சிரித்துக்கொண்டே அழுதாள்.

அன்றிலிருந்து எஸ்தர் முன்பாட்டு, ராணி கீழ்க்குரல். கேட்கிறவர்கள் முன்னைவிட இப்போதுதான் நெஞ்சைத் தொடுகிறது என்கிறார்கள். ஆனால் மேல் சுதிக்குப் போகிற இடம் வரும்போது ராணி மெல்ல ஒதுங்கி மகளுக்கு வழி விடுவாள். கதவருகில் ஒதுங்கி நிற்கிற மாதிரி. அப்போதெல்லாம் நான் தலையைக் குனிந்து டோலக்கைப் பார்த்துக்கொள்வேன். நரம்பில் கத்தி பட்டதுதான் காரணம், டாக்டர் முன்பே சொன்னார். எனக்கும் புரிகிறது. கடவுள் ரொட்டியை எண்ணிச் சுதியைக் குறைக்கிற ஆள் இல்லை... இல்லைதானே? நீங்கள் படித்தவர்கள், சொல்லுங்கள்!

இதில் கொடுமை என்னவென்றால் சாட்சி. இரண்டு பாட்டுக்கு நடுவில் ராணி, கடவுள் தனக்குச் செய்ததைச் சபைக்குச் சாட்சியாகச் சொல்வாள். ஒவ்வொரு ஊரிலும், "என் வீட்டுக்காரர் எனக்காக ஏழு நாள் வயித்தக் காயப்போட்டாரு" என்று முடிப்பாள். எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். கிழவிகள் கண்ணைத் துடைப்பார்கள்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் ஹல்துமுல்லைக்குப் போகிற பஸ்ஸில் சொல்லிவிட்டேன்.

"ராணி, அந்த ஏழு நாளும் நான் சாப்புட்டேன்."

"யாரு, நீங்களா?"

"நான்தான். டவுன்ல. எறச்சி ரொட்டி."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி அந்தக் கனத்த குரலில் சிரித்தாள்.

"ரொட்டி தின்ன மனுசனுக்கு சட்டை ஏன் தொளதொளன்னு தொங்குச்சு? கன்னம் ரெண்டும் ஏன் குழி விழுந்துச்சு? எனக்குக் கண்ணு இல்லியா?"

"அது பயத்துல எளச்சது..."

"போங்க! புகழ்ந்தா ஒங்களுக்கு ஆகாது. அதுக்குன்னு பொய்யா சொல்றது?"

அன்றைக்கு ஹல்துமுல்லைச் சபையில் சாட்சி இன்னும் நீண்டுவிட்டது. "இன்னைக்கு பஸ்ல வரும்போது நான் சாப்புட்டேன்னு சொல்றாரு பாருங்க, அம்புட்டுத் தாழ்மை!" என்றாள். கைதட்டல்! நான் என்ன செய்வேன்? டோலக்கைத் தட்டினேன்.

உண்மையைச் சொன்னதும் என் பெருமை ஒரு முழம் வளர்ந்துவிட்டது.

அது அப்படியே போயிருந்தாலும் தாங்கியிருப்பேன். போன வாரம் மேட்டு லயத்து அமுதா வந்தாள். அவளுடைய ஐந்து வயது மகளுக்குக் கண்ணில் ஆபரேஷன். மூன்று நாள் நான் உபவாசம் இருந்து ஜெபிக்க வேண்டுமாம். நான்தான் வேண்டுமாம்.

"நான் அதுக்கு ஆளு இல்ல தாயி. எஸ்தரக் கேளு."

"நீங்க இப்புடித்தான் சொல்லுவீங்கன்னு எஸ்தரக்காவே சொன்னாங்க பெரியப்பா" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. அந்தப் பிள்ளை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, கட்டுப் போட்ட கண்ணை என் பக்கம் திருப்பி நின்றது. நான் சரி என்றேன். வேறு எதைச் சொல்வது?

ஆபரேஷன் நாளை மறுநாள். இன்றைக்கு எனக்கு முதல் நாள். இப்போது மணி இரண்டு.

இந்தத் தடவை முடித்துவிடுவேனா? தெரியாது. முடித்தாலும் இது அந்தப் பிள்ளையின் கணக்கு. ராணியின் ஏழு நாள் அங்கேயேதான் கிடக்கும். அதன்மேல் இதை எடுத்து ஒட்ட முடியாது. கையைச் சும்மா வைத்திருந்தால் அது அடுப்படிக்குப் போகிறது, அதனால்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். பக்கத்துக் காம்பராவில் கருவாடு பொரிக்கிறார்கள். லயத்துச் சுவர் மெல்லியது என்று சொன்னேன் அல்லவா...

உள்ளே எஸ்தரும் ராணியும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பாடிப் பார்க்கிறார்கள். மேல் சுதி வருகிறது. ராணி நிறுத்தினாள். மகள் எடுத்துக்கொண்டாள்.

பாட்டு முடிந்து ராணி வெளியே வந்தாள். காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். என் தோளில் கை வைத்துக் குனிந்து பார்த்தாள்.

"பசிக்குதாங்க?"

"இல்ல" என்றேன்.

அதுவும் பொய்.