பூனாகலை ஓடையில் இலை அள்ளியது

இலங்கை மலைநாட்டில் பூனாகலைக்குப் போகும் பேருந்து தேநீருக்காக நிற்கிறது. கடையில் அடுப்பு இல்லை. பாய்லருக்குள் ஒரு வயர்தான் போகிறது.

"ஓடையில சின்ன டர்பைன் சுத்துதுங்க. பகல்ல லயத்து வீடுகள்ல லைட்டு எரியாதுல்ல, அந்த மிச்சக் கரண்டு இங்க தண்ணியக் காய்ச்சும்," என்கிறார் கடைக்காரப் பெண்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஒரு காலத்தில் இந்தப் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கராக இருந்தவன் நான். இதே ஓடையில் மாரிமுத்து என்ற தொழிலாளி தகரச் சக்கரம் வைத்து ஒரே ஒரு பல்பு எரித்தார். தோட்டத்தை நடத்திய துரைக்குப் பயந்து நானே அதை உடைத்தேன். சட்டம் இதை அனுமதிக்காது என்று அவரிடம் பொய் சொன்னேன். இதை அப்படியே கடைக்காரப் பெண்ணிடம் சொல்லிவிடுகிறேன்.

"அவரு எங்கப்பாங்க! அந்தக் கிளாக்கரு நீங்கதானா? இன்னும் இருக்கீங்களா?"

இறங்கி நின்ற பயணிகள் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளும், பிள்ளை."

"அதப் பொறவு பாப்போம். பின்னாடி மடை வலையில இலை அடைச்சிருக்கு, தண்ணி சூடேற மாட்டேங்குது. ஒடைச்ச கையாலயே அள்ளிப் போடுங்க."

கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு குளிர்ந்த நீரில் இறங்குகிறேன். இரண்டு கையாலும் இலைகளை அள்ளி எறிய, தண்ணீர் குழாய்க்குள் பாய்கிறது. விரல்கள் மரத்த பிறகும் அள்ளுகிறேன்.

மேலே கடையிலிருந்து அந்தப் பெண்ணின் குரல்: "கொதிக்குது கிளாக்கரய்யா, ஏறி வாங்க! சீனி எத்தனை கரண்டி?"