காப்புக் கட்டிய வாரம்

பதுளை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் எனக்கென்று இருப்பது ஒரு மேசை, முதுகு உடைந்த ஒரு நாற்காலி, ஓயாத ஒரு போன். தேயிலைத் தோட்டங்களில் யாராவது உயிரை மாய்த்துக்கொள்வார் என்ற பயம் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். போய்ப் பேசி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து, அவர் வீடு திரும்பிய பிறகும் தேடிப்போய் விசாரிப்பதுதான் வேலை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் பைத்தியக்கார மிஸ். சில நாட்களில் அது சரிதான் என்று எனக்கும் தோன்றும்.

அன்றைக்கு அழைத்தவர் சுற்றுலாக்காரர் குவியும் எல்ல என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பிள்ளை மடுவத்து அக்கா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அவரிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். ஒரு இளம் தாய் காலையில் குழந்தையைக் கொடுத்துவிட்டு, இனிமேல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனாளாம். வேறொருவர் என்றால் அலுப்பில் சொன்ன பேச்சு என்று விட்டிருப்பார். அந்த அக்காவுக்கு அவள் முகம் சரியாகப் படவில்லை. ஆள் அனுப்பி அவளைக் கொழுந்து மலையிலிருந்து கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எனக்குப் போன் போட்டார்.

நான் போன பஸ் முழுக்க வெள்ளைக்காரர்களும் அவர்களுடைய மூட்டைகளும். தேயிலையைப் படம் எடுக்க என் தோளுக்கு மேலே கையை நீட்டினார்கள். எனக்கு எரிச்சல்படக்கூடத் தெம்பில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றே தூங்கிப்போனேன்.

லயத்தில் ரகசியம் பேச இடம் கிடையாது. நடுச்சுவர் கூரை வரை போகாது. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் சுடுதண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள். அதனால் நான் யாரையும் நடக்கக் கூட்டிப்போய்த்தான் பேசுவேன். தேயிலைக்கு நடுவே போகும் ரோட்டில் அந்த இளம் தாயோடு நடந்தேன். ரோடு வளையும் ஒரு முடக்கில் அவள் நின்றுவிட்டாள்.

“பிள்ள அழுவுறது கேக்குதுங்க மிஸ். ஆனா எம்பிள்ளன்னு தோணல. நான் இல்லாட்டி அதுக்கு நல்லதுன்னு தோணுது.”

சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்று நேராகக் கேட்டேன். எத்தனை வருடமாகக் கேட்டாலும் அந்தக் கேள்வி என் வாய்க்குப் பழகவில்லை. அவள் ஆமாங்க என்றாள், டீ குடித்தாயா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. அன்றைக்கே வார்டில் சேர்த்தாக வேண்டும்.

வீட்டில் அவளுடைய மாமியார் ஒரேயடியாக மறுத்துவிட்டார். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. திருவிழா முடிந்து காப்பை அவிழ்க்கும்வரை அந்தத் தோட்டத்து ஆட்கள் வெளியூரில் இரவு தங்கக்கூடாது.

“ஆஸ்பத்திரிக்கு வேணான்னு சொல்லல மிஸ். ராத்திரி தங்கத்தான் கூடாது. பிள்ளைக்கு ஆகாது.”

கோபம் எனக்குத் தலைக்கேறியது. உங்கள் மாரியம்மன் வந்து இவளைப் பார்த்துக்கொள்வாளா என்று நுனிநாக்கு வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். நானும் லயத்தில் பிறந்தவள்தான். காப்புக் கட்டிய பிறகு என் அம்மாவும் எங்கேயும் தங்கியதில்லை. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் அவள் கணவனுக்குப் போன் போட்டால், அம்மா சொல்கிறபடி செய்யுங்கள் என்று வைத்துவிட்டான். பொலிஸை வைத்துக் கூட்டிப்போகலாம். அப்படிப் போனவர்கள் திரும்பி வந்த பிறகு மருந்தும் குடிப்பதில்லை, என்னிடம் பேசுவதுமில்லை.

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். காலையில் நான் வந்து அவள், மாமியார், குழந்தை மூன்று பேரையும் பதுளைக்குக் கூட்டிப்போவேன். இருட்டுவதற்குள் பஸ் ஏற்றிவிடுவேன். எங்கள் பிரிவு டொக்டர் போனில் என்னைச் சிங்களத்தில் நன்றாகத் திட்டினார். திட்டி முடித்து, இரவில் அவளை ஒரு நிமிடமும் தனியே விடக்கூடாது, நாளை தரும் மாத்திரை மாமியார் கையில்தான் இருக்க வேண்டும் என்றார். நான் தமிழில் சொன்னேன். மாமியார் தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அந்த வாரம் நான் வாழ்ந்த வாழ்க்கையை வாழ்க்கை என்று சொல்ல முடியாது. விடியுமுன் எழும்பி பஸ் பிடிப்பேன். தோட்டத்துச் சந்தியில் பஸ் திரும்பும்போது அவள் நிற்கிறாளா என்று எட்டிப் பார்ப்பேன். கண்ட பிறகுதான் மூச்சு வரும். மாலையில் அவர்களை அனுப்பிவிட்டு வந்தால் சோறு இறங்காது. போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். மாமியார் இரவெல்லாம் கதவில் முதுகைச் சாய்த்துக் கண் கொட்டாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று அவளே ஒருநாள் சொன்னாள். வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் போனாலும் கூடவே வருகிறாராம். அதைச் சொல்லும்போது முதல்முறையாக அவள் குரலில் கொஞ்சம் சலிப்புத் தெரிந்தது. எனக்கு அந்தச் சலிப்பு சந்தோஷமாக இருந்தது.

காப்பு அவிழ்த்த மறுநாள் அவளை வார்டில் சேர்த்தோம். தாதி உள்ளே அழைத்தபோது அவள் திரும்பி, பிள்ளைக்குப் பால் கரைத்தால் ஆற வைத்துக் கொடுக்கச் சொன்னாள். பிழைத்துவிட்டாள் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்ப் போனை அணைத்துவிட்டுப் படுத்தால் போதும்.

வெளியே நீள மர வாங்கில் மாமியார் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது, வாருங்கள் என்றேன். எழும்பவில்லை. முழித்திருந்து உடம்பு அசந்துபோயிருக்கும், வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்குங்கள் என்றேன்.

“முழிச்சிருக்கிறது எனக்குக் கஷ்டமில்ல மிஸ்,” என்றார். “எம்மூத்த பிள்ள கெணத்துல விழுந்து செத்ததுலேருந்து நான் ராத்திரியில தூங்குறதில்ல. அந்த டொக்டரு என்னையும் ஒருக்கா பாப்பாரா?”

இரக்கம்தான் முதலில் வந்தது என்று சொன்னால் அது பொய். ஐயோ, இன்னொன்றா என்றுதான் இருந்தது. கிளினிக் மூடிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன், அது உண்மையும்கூட. அவர் என் முகத்தைப் பார்க்காமல் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். இதைக் கேட்க அவருக்கு எத்தனை வருடம் எடுத்ததோ தெரியாது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். குழந்தையை என் மடியில் வாங்கிக்கொண்டு, சொல்லுங்கம்மா என்றேன்.